கண்ணா, மறதியா? வயதானவர்களின் பார்வைக் குறைவு, நினைவுத் தடுமாற்றம், முடங்கிப்போதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஆச்சிக்கு ஓர்மை போயிட்டு." தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். எங்கள் அம்மாவைப் பற்றி நாங்களும் இதையேதான் சொன்னோம். அதில் பாதிதான் உண்மை என்று புரிய எங்களுக்கு இரண்டு வருஷம் ஆனது. அதற்குப் பிறகு சொந்தத்திலும் தெருவிலும் பலர் என்னிடம் கேட்ட கேள்விகளையும், டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து, ஆபரேஷன் எதுவானாலும் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயசு. வந்தவர்களை அடையாளம் தெரியவில்லை. இது கண்ணா, மறதி நோயா?

முதலில் கண்ணைப் பாருங்கள். எங்கள் அம்மா சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்தார். கூடப்பிறந்த தம்பி தார்சாவில் வந்து நின்றபோது "யாரு?" என்று கேட்டார். மாமாவுக்கு மனசு உடைந்துபோனது. கீரைக்காரியிடம் ஐம்பது ரூபாய் நோட்டு என்று நூறு ரூபாயைக் கொடுத்தார். காபியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். போகப் போகப் பேச்சு குறைந்து, சாயங்காலமானால் கட்டிலில் சுருண்டு படுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து "புத்தி தடுமாறிட்டு" என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம்.

பிறகு ஒரு கண் முகாமில், டார்ச் அடித்துப் பார்த்த அந்தப் பெண் இரண்டே விநாடியில் சொல்லிவிட்டார்: இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது. புரை வந்தால் கண்ணின் லென்ஸ் பழுப்பேறிப்போகும். நீலமும் ஊதாவும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரியும். ஐம்பது ரூபாய் நோட்டு நீலம், நூறு ரூபாய் ஊதா. அம்மாவுக்குக் கணக்கு மறக்கவே இல்லை. நிறம்தான் தெரியவில்லை.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். பேசாமல் போய் எதிரே நில்லுங்கள். தெரியவில்லையா? சரி, இப்போது பேசுங்கள். குரல் கேட்டதும் "நீயா, எப்ப வந்த?" என்று முகம் மலர்ந்தால் சிக்கல் பெரும்பாலும் கண்ணில்தான். குரல் கேட்டும், உறவுமுறை சொல்லியும் பிடிபடவில்லை என்றால் நினைவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அதேபோல ஒரு சாவியைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிகிறதா என்று தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான அடையாளங்களும் உண்டு. பத்து நிமிஷத்துக்குள் ஒரே கேள்வியை நாலு தடவை கேட்பது, சாப்பிட்ட கையோடு "இன்னும் சோறு போடலியே" என்பது, நாற்பது வருஷமாக வைத்த புளிக்குழம்பில் எதற்குப் பிறகு எது என்று திகைத்து நிற்பது. இவற்றுக்குக் கண் காரணமாகாது. இரண்டும் சேர்ந்தே இருக்கவும் இடமுண்டு. எங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் இருந்தது.

கண் மங்கினால் மறதி நோய் வரும் என்கிறார்களே, உண்மையா?

தொடர்பு இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த டிமென்ஷியா (மறதி நோய்) ஆணையம் 2024இல் தந்த அறிக்கையில், மாற்றக்கூடிய ஆபத்துக் காரணிகள் என்று 14 சொல்லப்பட்டிருக்கின்றன. 2020 அறிக்கையில் 12தான் இருந்தன. புதிதாகச் சேர்ந்த இரண்டு: சிகிச்சை செய்யாமல் விட்ட பார்வைக் குறைவும், கெட்ட கொழுப்பும். இந்த 14ஐயும் கவனித்தால் உலகத்தில் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் கணக்கு. அதில் பார்வைக் குறைவின் பங்கு 2 சதவீதம்தான். சின்ன எண்தான், ஆனால் சர்க்கரையையோ ரத்த அழுத்தத்தையோ ஆயுள் முழுக்கக் கட்டுப்படுத்துவது மாதிரி இல்லாமல், புரையை ஒரு காலை நேரத்தில் எடுத்துவிடலாம். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் 65 வயதைத் தாண்டிய 3,038 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு உண்டு. புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு, செய்யாதவர்களைவிட டிமென்ஷியா வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. கண் அழுத்த நோய்க்கு (கிளாக்கோமா) ஆபரேஷன் செய்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. அந்த ஆபரேஷன் போன பார்வையைத் திருப்பித் தராது என்பதை நினைத்துப் பார்த்தால் இது பொருந்துகிறது. ஆனாலும் இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. "ஆபரேஷன் செய்தால் மறதி வராது" என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள்.

ஏன் இப்படி என்பதற்குச் சில விளக்கங்கள் சொல்கிறார்கள். கண் வழியாக வரும் சேதி குறைந்தால் மூளைக்கு வேலை குறைகிறது. மங்கலாகத் தெரிவதை ஊகித்துப் புரிந்துகொள்வதிலேயே மூளையின் சக்தி செலவாகிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நடை நிற்கிறது, கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போவது நிற்கிறது, மனச்சோர்வு வருகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கண்ணின் ரத்தக் குழாயையும் மூளையின் ரத்தக் குழாயையும் ஒன்றாகவே கெடுக்கின்றன. நான் கண்ணால் பார்த்தது அந்த மூன்றாவது: வாசலுக்கு வராமல் போன ஒரு மனுஷி.

நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சொன்னது. அப்படியென்றால் பெரும்பாலான முதியவர்களுக்கு அது இல்லை என்றும் அர்த்தம். "வயசானா அப்படித்தான்" என்பது எல்லாருக்கும் பொருந்தாது.

காது கேட்காததும் இதில் சேருமா?

சேரும், கண்ணைவிட அதிகமாகவே. அதே லான்செட் அறிக்கையில் காது மந்தத்தின் பங்கு 7 சதவீதம். கண்ணும் காதும் சேர்ந்து மங்கிய ஒருவரிடம் தூரத்திலிருந்து கத்திக் கேட்டுவிட்டு, "சம்பந்தமில்லாம பதில் சொல்லுதாரு" என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்றாவது முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

புரையைச் சொட்டு மருந்தில் கரைக்கலாமா? நாட்டு மருந்து?

கரையாது. தேன், வெங்காயச் சாறு, தாய்ப்பால் எதையும் கண்ணில் விடவேண்டாம். கருவிழி புண்ணாகிப் பூ விழுந்தால் அது புரையைவிடப் பெரிய தொல்லை. புரைக்கு ஆபரேஷன் ஒன்றுதான் வழி.

தாத்தாவுக்கு எண்பத்திரண்டு. இனி எதுக்கு ஆபரேஷன்? உடம்பு தாங்குமா?

"இனி எதுக்கு?" என்று தாத்தா கேட்கலாம். வீட்டுப் பிள்ளைகள் கேட்கக்கூடாது. பெரும்பாலான நேரம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருப்பது செலவும், அலைச்சலும், "உங்களுக்குத் தொந்தரவா இருக்கக்கூடாது" என்கிற கூச்சமும்தான்.

புரை ஆபரேஷன் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து நடப்பது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முழு மயக்கம் தேவைப்படுவது அபூர்வம். அதனால் எண்பது வயதும் தொண்ணூறு வயதும் தனியாக ஒரு தடை இல்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கவேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும், நாமாக நிறுத்தக்கூடாது. "நல்லாப் பழுத்த பிறகுதான் எடுக்கணும்" என்பது அந்தக் காலத்து முறைக்குச் சரி. இப்போது முற்றிக் கல்லானால்தான் எடுப்பது சிரமம். நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம்.

ஆபரேஷனுக்கு அப்புறம் சில வாரம் சொட்டு மருந்து விடவேண்டும். கண்ணைக் கசக்கக்கூடாது, டாக்டர் சொல்லும்வரை தலைக்கு ஊற்றக்கூடாது, ஆற்றில் முங்கக்கூடாது. அமாவாசைக்குக் குறுக்குத்துறைப் படித்துறையில் முங்கியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் வீட்டில் இருந்தால், நாளைப் பார்த்து ஆபரேஷன் தேதி வாங்குங்கள்.

கட்டுப் பிரித்த அன்றைக்கு அம்மா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ஏட்டி, உனக்கு இம்புட்டு நரைச்சிட்டா?" என்றார். என் தலை நரைக்கத் தொடங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அவர் பார்த்துக்கொண்டிருந்தது தன் மனசில் இருந்த பழைய என்னை.

ஆபரேஷன் முடிந்து பல மாதமோ வருஷமோ கழித்து மறுபடி மங்கினால், ஆபரேஷனில் கண்ணுக்குள் வைத்த லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு மங்கியிருக்கலாம். லேசர் வைத்து அதைச் சரி செய்வார்கள். "திரும்பப் புரை வந்துட்டு" என்று விட்டுவிடாதீர்கள்.

ஏற்கெனவே மறதி நோய் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது கண்ணுக்குச் செலவு செய்து பயன் உண்டா?

உண்டு. மறதி இருப்பவருக்குக் கண்ணும் தெரியாமல் போனால், அவர் பிடித்துக்கொண்டு நிற்க ஒன்றுமே மிச்சமில்லை. சுவரில் நாள்காட்டி தெரிந்தால், ஜன்னல் வழியாக வெயில் தெரிந்தால், மகளின் முகம் தெரிந்தால், பயமும் கோபமும் குறையும், விழுவது குறையும். அம்மாவுக்குக் கண் தெளிந்த பிறகும் சில மறதி போகவில்லை. அது உண்மையான மறதிதான். ஆனால் சாயங்காலம் சுருண்டு படுப்பது நின்றது. எனக்கு அதுவே போதும்.

ஆனால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அசையாமல் படுத்திருக்க அவரால் முடியுமா? முடியாது என்றால் மயக்க மருந்துக்கு ஏற்பாடு செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கட்டைப் பிய்க்காமல் முதல் இரண்டு ராத்திரி யார் பக்கத்தில் படுப்பது, நேரத்துக்குச் சொட்டு யார் விடுவது என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். "எல்லாரும் பாத்துக்கிடுவோம்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். புது இடம், வெள்ளைச் சட்டை, கண்ணில் கட்டு எல்லாம் சேர்ந்து சிலரை இன்னும் குழப்பும். தெரிந்த குரல் ஒன்று கடைசிவரை கூட இருக்கட்டும்.

நம்ம பக்கத்தில் எங்கே காட்டுவது? வசதி இல்லாதவர்கள்?

கண் வைத்தியத்தில் நம் திருநெல்வேலிக்குக் குறை இல்லை. பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988இல் திருநெல்வேலிக்கு வந்தது. கட்டணப் பிரிவு, இலவசப் பிரிவு இரண்டும் அங்கே உண்டு. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வரவழைத்த காலத்தில் ஏழைகளுக்கு அது எட்டாத பொருள். 1992இல் மதுரையில் அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான அரோலேப் லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகு விலை இறங்கியது. பார்வையிழப்புத் தடுப்புக்கென்று மத்திய அரசின் திட்டம் 1976 முதலே நடக்கிறது. அதன் கீழ் புரை ஆபரேஷனை இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

கிராமத்தில் கண் முகாம் நோட்டீஸைப் பார்த்தால் எடுத்து வையுங்கள். வயதானவர்கள் அதைப் படிக்க முடியாது என்பதுதான் இதில் உள்ள கொடுமை. யாராவது வீடு வீடாகப் போய் வாயால் சொல்லவேண்டும்.

புரை இல்லை, ஆனாலும் பார்வை குறைகிறது. வேறு என்ன?

நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போதும். பழைய கண்ணாடியையே பத்து வருஷம் போட்டிருப்பவர்கள் ஏராளம்.

கண் அழுத்த நோய் வேறு ரகம். வலிக்காது, சிவக்காது, ஓரப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்ற ஆயுள் முழுக்கச் சொட்டு விடவேண்டும். "நல்லாத்தான தெரியுது" என்று சொட்டை நிறுத்திப் பார்வையை இழந்தவர்கள் உண்டு. மறதி உள்ளவர் என்றால் சொட்டு விடும் வேலையை வேறொருவர் எடுத்துக்கொள்ளவேண்டும். அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளும் சோதித்துக்கொள்வது நல்லது. சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கண் பாப்பாவை விரியவைத்து விழித்திரையைப் பார்த்துக்கொள்ளவேண்டும், பார்வை தெளிவாக இருந்தாலும்கூட. எழுத்தின் நடுப்பகுதி அழிந்த மாதிரி, நேர்க்கோடு வளைந்த மாதிரி தெரிந்தால் விழித்திரையின் நடுவில் கோளாறு, தள்ளிப்போடாதீர்கள். கண் சிவந்து, கடுமையாக வலித்து, வாந்தியும் வந்தால் அன்றைக்கே ஓடவேண்டும்.

மாமனாருக்குக் கண் பெரும்பாலும் தெரியாது. ஆனால் "பட்டாசல்ல சின்னப் பிள்ளைங்க நிக்குது, பூவா பூத்திருக்கு" என்கிறார். பேயா, புத்தி மாறாட்டமா?

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். கண்ணிலிருந்து சேதி வராதபோது மூளையின் பார்வைப் பகுதி தானாகவே படம் காட்டும். இதற்கு சார்லஸ் போனே நோய்க்குறி என்று பெயர். சுவிட்சர்லாந்துக்காரரான போனே, பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு மனிதர்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிந்ததை 1760இல் எழுதி வைத்தார். அந்தத் தாத்தாவுக்குப் புத்தி தெளிவாகவே இருந்தது.

கேட்டால், "அங்க ஒண்ணும் இல்லன்னு எனக்கே தெரியுது, ஆனா தெரியுது" என்பார்கள். அதுதான் முக்கியமான அடையாளம். பிம்பங்கள் பேசாது, சத்தம் போடாது. விளக்கைப் போடுவது, கண்ணை இரண்டு பக்கமும் வேகமாக அசைப்பது, எழுந்து இடம் மாறுவது, இவற்றால் சிலருக்கு மறையும். பலர் இதை வெளியே சொல்வதே இல்லை. சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று பயம். கோயிலுக்குக் கூட்டிப்போய் விபூதி போட்டால் அவருக்கு மனசு ஆறும் என்றால் தாராளமாகப் போங்கள். ஆனால் கண் டாக்டரிடம் போவதை அதற்காக நிறுத்தவேண்டாம்.

அந்த உருவங்கள் நிஜம் என்று உறுதியாக நம்பினாலோ, கூடவே உடம்பு விறைப்பு, தூக்கத்தில் கை காலை வீசுதல், நாளுக்கு நாள் ஏறி இறங்கும் தெளிவு இருந்தாலோ அது வேறு வகை மறதி நோயாக இருக்கலாம். நரம்பியல் டாக்டரிடம் காட்டவேண்டும்.

மறதிச் சோதனையில் ஆச்சிக்கு மதிப்பெண் ரொம்பக் குறைவு. நம்பலாமா?

எந்தச் சோதனை, எப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள். பரவலாகப் பயன்படும் ஒரு சோதனைக்கு மொத்தம் 30 மதிப்பெண். அதில் எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்யவேண்டும், ஒரு வாக்கியம் எழுதவேண்டும், ஒன்றின் மேல் ஒன்று படிந்த இரண்டு ஐங்கோணத்தைப் பார்த்து வரையவேண்டும். கண் தெரியாத, பள்ளிக்கூடமே போகாத ஆச்சிக்கு இவை எல்லாம் போச்சு. பார்வை இல்லாதவர்களுக்காகப் படக் கேள்விகளை நீக்கி 22 மதிப்பெண்ணுக்கு மாற்றிய சோதனை ஒன்றும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஏற்ற சோதனைகளும் உண்டு. போகும்போது கண்ணாடியையும் காது மெஷினையும் மறக்காமல் கொண்டுபோங்கள். "இவங்களுக்குக் கண்ணு சரியா தெரியாது, படிக்கல" என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, சில சளி மாத்திரைகள்கூட மறதி மாதிரி காட்டும். இவை பெரும்பாலும் சரி செய்யக்கூடியவை. ரத்தப் பரிசோதனை செய்யாமல் "மறதி நோய்" என்று முத்திரை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று உளறுகிறார்.

இது மறதி நோய் இல்லை, அவசரம். டிமென்ஷியா ஒரே ராத்திரியில் வருவதில்லை. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், ரத்தத்தில் உப்புச் சத்து இறங்குதல், சர்க்கரை தாழ்ந்துபோதல், பக்கவாதம், கொஞ்ச நாளைக்கு முன்னால் விழுந்ததில் மண்டைக்குள் ரத்தக் கசிவு, இதில் எதுவாகவும் இருக்கலாம். முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, திடீரென்று ஒரு கண் இருண்டாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டில் என்ன மாற்றலாம்? பெரிய செலவு முடியாது.

செலவே வேண்டாம் என்கிற மாற்றங்களிலிருந்து தொடங்குங்கள். எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறும் மோரும் போட்டால், பார்வை மங்கியவருக்குத் தட்டின் பளபளப்புத்தான் தெரியும், சோறு தெரியாது. பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தால் "பசியில்லை" என்று நாம் நினைத்துக்கொள்வோம். அதே சோற்றை வாழை இலையில் போட்டுப் பாருங்கள். பச்சைக்கு மேல் வெள்ளை எடுப்பாகத் தெரியும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு முந்திய மாதங்களில் இலைதான் கைகொடுத்தது. எலுமிச்சை ஊறுகாய் எந்தப் பக்கம், கூட்டு எந்தப் பக்கம் என்பதை மட்டும் மாற்றக்கூடாது. தினமும் ஒரே இடம்.

நம் பழைய வீடுகளில் ஆபத்து எங்கே என்றால் நிலைப்படியிலும் தண்ணீர் புழங்கும் அங்கணத்திலும். அறைக்கு அறை ஒரு நிலைப்படி, அதைத் தாண்டி ஒரு பள்ளம். படியின் விளிம்பில் மஞ்சள் பெயின்டால் இரண்டு விரல் அகலத்துக்குக் கோடு இழுங்கள். சிவப்புத் தரையில் அது நன்றாகத் தெரியும். அங்கணத்தில் பாசி பிடிக்கவிடாதீர்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் ராத்திரி முழுக்க ஒரு சின்ன பல்பு எரியட்டும். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. வழுக்கும் ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்தால் வெயில் கூசும், முதுகுப் பக்கம் வெளிச்சம் வரும்படி உட்காரவையுங்கள். நாற்காலியையோ தண்ணீர்க் குடத்தையோ கேட்காமல் இடம் மாற்றாதீர்கள். அவருக்கு அந்த வீடு கணக்காக மனசில் இருக்கிறது, ஏழெட்டு எட்டு வைத்தால் வாசல், கை நீட்டினால் தூண் என்று.

அறைக்குள் நுழையும்போதே "நான்தான், மூத்தவன் வந்திருக்கேன்" என்று சொல்லுங்கள். போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாத ஆளோடு அவர் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து "தனக்குத்தானே பேசுதாரு" என்பார்கள். நீங்கள் சொல்லாமல் எழுந்து போனதுதான் காரணம். கூட்டிப்போகும்போது அவர் கையைப் பிடித்து இழுக்கவேண்டாம். உங்கள் முழங்கைக்கு மேல் அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரட்டும்.

விழுந்துவிடுவார் என்று எந்த வேலையும் கொடுப்பதில்லை. சரிதானே?

அக்கறையில் செய்கிறீர்கள். ஆனால் முடங்கிப்போவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. எங்கள் தெருவில் பெரியம்மா ஒருவர் நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். மடியில் சொளவை (முறத்தை) வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பேச்சு ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். கண் அழுத்த நோயில் பார்வை போனதும் மகன்கள் சொளவை வாங்கி வைத்துவிட்டார்கள். புகையிலைத் தூள் நெஞ்சுக்கு ஆகாது என்பதால் அதை நானும் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பதிலாக ஒன்றுமே கொடுக்கவில்லை. ஆறு மாதத்தில் கால் வலுவிழந்தது, கிழமை மறந்தது. அப்புறம் மருமகள் ஒருநாள் முருங்கைக்கீரைக் கொத்தை மடியில் போட்டாள். அந்த விரல்கள் ஒரு இலை விடாமல் உருவிப் போட்டன. இப்போது அந்தத் தெருவில் நாலு வீட்டுக் கீரையும் பூண்டும் அவர் மடிக்கு வருகிறது. அதைச் சாக்கிட்டுப் பெண்களும் வருகிறார்கள்.

கண் வேண்டாத வேலைகள் எத்தனையோ உண்டு. பூண்டு உரிப்பது, துணி மடிப்பது, பேத்திக்குக் கதை சொல்வது, திருநெல்வேலி வானொலியில் செய்தி கேட்டு வீட்டுக்குச் சொல்வது. காலையில் ஒருவர் கையைப் பிடித்துத் தெருமுனை வரை நடப்பது எல்லா மாத்திரைக்கும் சமம். வெள்ளைக் கோல் பிடிக்கக் கூச்சப்பட்டால், பாளையங்கோட்டைத் தெருக்களை நினைவுபடுத்துங்கள். 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி உள்ள ஊர் அது. அங்கே பிள்ளைகள் கோலைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறார்கள்.

மாற்றுத்திறனாளி அட்டை வாங்கலாமா?

2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பார்வையின்மையும் குறைப்பார்வையும் அதில் வரும் 21 வகை குறைபாடுகளில் சேர்ந்தவை. வயது ஒரு தடை இல்லை. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதமாவது குறைபாடு இருக்கவேண்டும். நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகு உள்ள பார்வையை வைத்து அளப்பார்கள். அதனால் ஆபரேஷனில் சரியாகக்கூடிய புரை என்றால் முதலில் அதைச் செய்யத்தான் சொல்வார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து, யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். வயதானவரை வரிசையில் நிற்கவைக்காமல், என்ன காகிதம் வேண்டும் என்று முந்தின நாளே ஒரு ஆள் போய்க் கேட்டு வந்துவிடுவது நல்லது.

நாங்கள் சென்னையில். அம்மா மட்டும் ஊரில். போனில் நன்றாகத்தான் பேசுகிறார்.

போனில் குரல்தான் வரும், கண் வராது. எங்களையும் ஏமாற்றியது அதுதான். ஊருக்குப் போகும்போது ஒரு நாளாவது அவரோடு அடுக்களையில் நில்லுங்கள். மாத்திரை அட்டையை எடுத்து எந்த மாத்திரை எந்த வேளை என்று காட்டச் சொல்லுங்கள். அடுப்பு மேடையில் தீய்ந்த தடம், துணியில் கறை, முழங்காலில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் பெண் ஊழியரிடம் பேசி வையுங்கள். முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104. இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினால் போதாது, அவரால் படிக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அவர் போனில் ஒரு பட்டனில் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மாமியாரைப் பார்த்துக்கொள்வது நான் ஒருத்திதான். ராத்திரி தூக்கமே இல்லை. யாரிடம் சொல்வது?

முதலில் உங்கள் வீட்டுக்காரரிடமும் நாத்தனாரிடமும் சொல்லுங்கள், ஜாடையாக இல்லாமல் நேராக. "வாரத்துல ரெண்டு ராத்திரி நீங்க படுக்கணும்" என்று கணக்காகக் கேளுங்கள். பத்து நாள் மாமியாரை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பலாம் என்று நினைத்தால் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: கண் தெரியாதவருக்குப் புது வீடு பயம். அவரை நகர்த்துவதைவிட நாத்தனார் வந்து பத்து நாள் தங்குவது நல்லது. நீங்கள் அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வாருங்கள்.

அவர் ராத்திரி எழுந்து நடமாடுவதற்கு வலி, சிறுநீர் உபாதை, பகல் தூக்கம், இருட்டில் பயம் என்று ஏதாவது காரணம் இருக்கும். நாமாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தால் விழுவதும் குழப்பமும்தான் கூடும். டாக்டரிடம் போகும்போது அவருடைய கஷ்டத்தோடு உங்கள் தூக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் இரண்டாம் தடவையும் சொல்லுங்கள்.